ஆளில்லா நிலம் என்னும் விதி: ‘காலனைசேஷன்’ ஆட்டம் பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

1550இல் ஸ்பெயினின் வல்லாதோலித் நகரில் ஒரு விவாதம் நடந்தது. கூட்டியவர் பேரரசர் ஐந்தாம் சார்லஸ். அமெரிக்கப் பூர்வகுடிகளை முதலில் போரிட்டு அடக்கி, பிறகு கிறிஸ்தவத்துக்குக் கொண்டுவருவது நியாயமா என்பது கேள்வி. நியாயம்தான் என்றார் ஹுவான் கினேஸ் தெ செபுல்வேதா. சிலர் இயல்பிலேயே அடிமைகள் என்ற அரிஸ்டாட்டிலின் கருத்தை அவர் துணைக்கு அழைத்தார். எதிர்த்து வாதாடியவர் பார்த்தொலொமே தெ லாஸ் காசாஸ். கரீபியத் தீவுகளில் பூர்வகுடிகளின் உழைப்பைத் தானே அனுபவித்துவிட்டு, 1514 வாக்கில் மனம் மாறி, மீதி வாழ்நாளை அவர்களுக்காக வாதாடுவதில் கழித்த பாதிரியார். 1551 வரை விவாதம் நீண்டது. நடுவர்கள் திட்டமான தீர்ப்பு எதுவும் சொல்லாமலே கலைந்தார்கள்.

443 ஆண்டுகளுக்குப் பிறகு இந்த இருவரும் ஒரே அவையில் உட்கார்ந்தார்கள். 1994இல் மைக்ரோப்ரோஸ் நிறுவனம் வெளியிட்ட ‘ஸிட் மையர்ஸ் காலனைசேஷன்’ கணினி ஆட்டத்தில் 25 ‘நாட்டை நிறுவிய தந்தையர்’ உண்டு. ஒவ்வொருவரையும் உங்கள் காங்கிரஸ் அவையில் சேர்க்கும்போது ஒரு பயன் கிடைக்கும். செபுல்வேதா வந்தால், அடக்கப்பட்ட பூர்வகுடிகள் மதம் மாறி உங்கள் குடியேற்றத்தில் வந்து சேரும் வாய்ப்பு கூடும். லாஸ் காசாஸ் வந்தால், அப்படி மதம் மாறியவர்கள் அத்தனை பேரும் அந்த நொடியில் சுதந்திரக் குடியேறிகளாக மாறிவிடுவார்கள். கணக்குத் தெரிந்த ஆட்டக்காரர் முதலில் செபுல்வேதாவைச் சேர்த்து ஆட்களைத் திரட்டுவார், பிறகு லாஸ் காசாஸைச் சேர்த்து அவர்களை விடுவிப்பார். ஒருவரையொருவர் மறுத்த இரண்டு மனிதர்கள் அடுத்தடுத்து எடுத்துவைக்க வேண்டிய இரண்டு அடிகளாக ஆகிவிடுகிறார்கள்.

இந்த ஒரு காட்சியில் நான் தேடிய முழுச் சிக்கலும் இருக்கிறது. வியூக ஆட்டங்களின் வரலாற்று உண்மையைப் பற்றிப் பேசும்போது நாம் பெரும்பாலும் ஆண்டு சரியா, கொடி சரியா, கப்பலின் பாய்மரம் சரியா என்றுதான் பார்க்கிறோம். இந்த ஆட்டத்தில் ஆண்டும் பெயரும் பெரிதாகப் பிசகவில்லை. செபுல்வேதாவைத் தெரிந்து சேர்த்தவர் நூலகத்தில் உட்கார்ந்து படித்திருக்க வேண்டும். பிழை விதியில் இருக்கிறது.

எடுத்துக்கொண்ட ஆட்டம்

வடிவமைத்தவர்கள் ப்ரையன் ரெனால்ட்ஸும் ஸிட் மையரும். ஆட்டம் 1492இல் ஒரு கப்பலோடு தொடங்குகிறது. இங்கிலாந்து, பிரான்ஸ், ஸ்பெயின், நெதர்லாந்து என்ற நான்கில் ஒன்றை நீங்கள் தேர்ந்தெடுக்க வேண்டும். மேப் முழுவதும் இருட்டு; கப்பல் போகப் போகக் கரை தெரியும். ஆஸ்டெக், இன்கா, அராவாக், செரோக்கி, இராக்குவா, சூ, அப்பாச்சி, துப்பி என எட்டுப் பூர்வகுடி நாடுகள் உண்டு. அவற்றில் எதையும் நீங்கள் ஆட முடியாது. ஊர் அமைத்து, பயிர் செய்து, சரக்கு விற்று, கடைசியில் தாய்நாட்டு அரசனிடமிருந்து சுதந்திரம் அறிவித்து, அவன் அனுப்பும் படையைத் தோற்கடித்தால் வெற்றி.

நான்கு நாடுகளாகவும் ஒவ்வொரு முறை ஆடினேன். பக்கத்தில் ஒரு நோட்டு. ஒவ்வொரு விதியும் எதிர்ப்படும்போது ஒரே விஷயத்தைக் குறித்துக்கொண்டேன்: இந்த விதியில் முடிவெடுப்பவர் யார், வெறும் எண்ணிக்கையாக நிற்பவர் யார், இல்லவே இல்லாதவர் யார். நான்காவது ஆட்டம் முடிந்தபோது நோட்டின் மூன்றாவது பத்திதான் நிரம்பியிருந்தது.

மெச்ச வேண்டியவை

முதலில் இந்த ஆட்டத்துக்கு உரிய மதிப்பைக் கொடுத்துவிட வேண்டும். குடியேற்றத்தை இது போர்க்களமாகக் காட்டவில்லை, உழைப்பாகவும் சரக்காகவும் காட்டியது. புகையிலை பயிரிட்டால் போதாது; அதைச் சுருட்டாக்க ஆள் வேண்டும். கரும்பு ரம் ஆக வேண்டும், பருத்தி துணியாக வேண்டும், தோல் மேலங்கியாக வேண்டும். இரும்புத்தாது கருவியாகும், கருவி துப்பாக்கியாகும். ஒரே சரக்கை ஐரோப்பாவில் தொடர்ந்து கொட்டினால் விலை விழும். வர்ஜீனியாவில் ஜான் ரோல்ஃப் 1612இல் புகையிலையைப் பயிரிட்டுப் பார்த்து, பிறகு காலனி முழுக்க அதன் பின்னால் ஓடி, 1620களின் இறுதியில் விலை சரிந்து தவித்த கதையை இந்த விதி நான்கைந்து டர்ன்களில் (ஆட்டச் சுற்றுகளில்) உணர்த்திவிடுகிறது.

துறைமுகத்தில் கப்பலுக்குக் காத்திருப்பவர்களும் எல்லோரும் ஒன்றுபோல இல்லை. சுதந்திரக் குடியேறி, ஒப்பந்தப் பணியாள், சிறு குற்றவாளி, தொழில் தேர்ந்தவர் என்று வகைகள் உண்டு. கடல் கடக்கும் கூலிக்காக நான்கு முதல் ஏழு ஆண்டு உழைப்பை எழுதிக்கொடுத்துவிட்டு வந்த ஆங்கிலேய ஏழைகளை, இந்த ஆட்டம் இப்படித் தனியாக எண்ணியது.

எனக்கு மிகவும் பிடித்த விதி வேறு. உங்கள் குடியேறியைப் பூர்வகுடி ஊர் ஒன்றுக்கு அனுப்பினால், அந்த ஊரார் தமக்குத் தெரிந்த ஒரு வித்தையை அவனுக்குக் கற்றுக்கொடுப்பார்கள். போனபோது ஒன்றும் தெரியாதவன், திரும்பும்போது புகையிலைத் தேர்ச்சியாளனாகவோ பருத்தித் தேர்ச்சியாளனாகவோ வருவான். அறிவு அவர்களிடம் இருந்தது, வந்தவர்களிடம் இல்லை என்று ஓர் ஆட்டம் விதியாகவே சொன்னது பெரிய விஷயம். 1607இல் ஜேம்ஸ்டவுனில் இறங்கியவர்களுக்கு அந்த மண்ணில் சோறு விளைவிக்கத் தெரியவில்லை. 1609-10 குளிர்காலப் பட்டினியில் சுமார் 500 பேரில் 60 பேர்தான் மிஞ்சினார்கள்.

இவ்வளவு கவனம் உள்ளவர்கள் விட்டதுதான் உறுத்துகிறது. அக்கறையில்லாமல் செய்த ஆட்டமாக இருந்தால் இதற்காக நான் ஒரு மாதத்தைச் செலவிட்டிருக்க மாட்டேன்.

நிலத்தின் விலை

பூர்வகுடி ஊரைச் சுற்றியுள்ள கட்டங்கள் அவர்களுடையவை. அவற்றில் உழ வேண்டுமானால் பணம் கேட்பார்கள். கொடுக்கலாம், கொடுக்காமல் பிடுங்கவும் செய்யலாம், அப்போது அவர்கள் கோபம் ஏறும். இதுவரை சரி. பீட்டர் மினுவிட் உங்கள் அவையில் சேர்ந்துவிட்டால், அதன் பிறகு எந்த நிலத்துக்கும் அவர்கள் பணம் கேட்பதே இல்லை.

மினுவிட் 1626இல் மன்ஹாட்டன் தீவை 60 கில்டர் மதிப்புள்ள சரக்குக்கு ‘வாங்கிய’ டச்சு ஆளுநர். அந்தப் பேரத்தில் எதிர்ப்பக்கம் இருந்தவர்கள் நிலத்தை என்றென்றைக்குமாக விற்றோம் என்று நினைத்தார்களா, சேர்ந்து பயன்படுத்த இடம் கொடுத்தோம் என்று நினைத்தார்களா என்பது இன்றும் வரலாற்றாளர்கள் பேசும் கேள்வி. ஆட்டத்தில் அந்தக் கேள்வி எழ வழியில்லை. உங்கள் அவையில் ஒருவர் சேர்ந்தார் என்பதற்காக, கண்டத்தின் மறுகோடியில் உள்ள இன்கா ஊர் தன் வயலுக்கு விலை கேட்பதை நிறுத்துகிறது. அவர்களுடைய மனம் உங்கள் அவைக்குறிப்பில் ஒரு வரியாக மாறிவிட்டது.

அந்தக் கட்டங்களுக்கு வெளியே இருப்பதெல்லாம் யாருக்கும் சொந்தமில்லாத காடு, புல்வெளி, சதுப்பு. போய் ஊர் அமைக்க வேண்டியதுதான். இங்கேதான் வரலாறு என்னைப் பிடித்து நிறுத்தியது.

1620இல் மேஃப்ளவர் கப்பலில் வந்தவர்கள் பிளிமத் ஊரை அமைத்த இடம் காலியாகத்தான் இருந்தது. மரம் வெட்டிய வயல்கள் தயாராக இருந்தன. காரணம், அந்த இடத்தின் பெயர் பட்டுக்செட். அது வாம்பனோவாக் மக்களின் ஊர். 1616 முதல் 1619 வரை, ஐரோப்பியர் கப்பல்களோடு வந்த ஒரு கொள்ளைநோய் அந்த ஊரைத் துடைத்துவிட்டது. குடியேறியவர்களுக்கு மக்காச்சோளம் பயிரிடச் சொல்லிக்கொடுத்த திஸ்குவாண்டம் அந்த ஊர்க்காரர். 1614இல் ஓர் ஆங்கிலேயக் கப்பல்காரன் அவரைப் பிடித்துக்கொண்டுபோய் ஸ்பெயினின் மாலகாவில் விற்றான். அங்கிருந்து இங்கிலாந்து போய், 1619இல் எப்படியோ ஊர் திரும்பினார். திரும்பியபோது ஊரில் ஒருவரும் இல்லை.

ஆட்டத்தில் நோயே கிடையாது. 1520இல் தெனோச்தித்லான் நகரைத் தாக்கிய பெரியம்மை இல்லை, அதற்கு முன் தீவுகளைத் தாக்கியதும் இல்லை. இரக்கம் கருதி விட்டிருக்கலாம் என்று நான் முதலில் நினைத்தேன். ஆனால் நோயை எடுத்துவிட்டால் வெற்று நிலம் இயற்கையாகவே வெற்று நிலமாக ஆகிவிடுகிறது. காலி வயல் யாருடைய வயல் என்று கேட்க ஆளில்லாமல் போகிறது. வித்தை கற்றுக்கொடுக்கும் விதியும் திஸ்குவாண்டத்தின் கதைதான். ஆனால் அவர் ஏன் அந்த ஊரில் தனியாக இருந்தார் என்ற பாதியை வெட்டிவிட்டு மறுபாதியை மட்டும் எடுத்துக்கொண்டது.

கரும்பு இருக்கிறது, வெட்டியவர் இல்லை

ஆட்டத்தில் பணம் கொழிக்கும் பயிர்கள் கரும்பு, புகையிலை, பருத்தி. நான்கு முறையும் இவற்றால்தான் என் கருவூலம் நிறைந்தது. நான்கு முறையும் ஓர் ஆப்பிரிக்கரைக்கூட நான் சந்திக்கவில்லை.

அட்லாண்டிக் அடிமை வணிகத்தில் கப்பலேற்றப்பட்டவர்கள் சுமார் 1.25 கோடி பேர். உயிரோடு கரை இறங்கியவர்கள் சுமார் 1.07 கோடி. மற்றவர்கள் கடலில் மாண்டார்கள். இறங்கியவர்களில் வட அமெரிக்க நிலப்பகுதிக்குப் போனவர்கள் 4 லட்சத்துக்கும் குறைவு. மிகப் பெரும்பாலோர் பிரேசிலுக்கும் கரீபியத் தீவுகளுக்கும் போனார்கள், அதுவும் பெரும்பாலும் கரும்புக்காக. 1820 வரை அட்லாண்டிக்கைக் கடந்து வந்தவர்களை எண்ணினால் ஐரோப்பியரைவிட ஆப்பிரிக்கர்தான் பல மடங்கு அதிகம். ‘குடியேற்றம்’ என்று பெயர் வைத்த ஆட்டம், வந்தவர்களில் பெரும்பாலோரை விட்டுவிட்டு மீதிப்பேரை வைத்து அந்தப் பெயரை நிரப்பியிருக்கிறது.

லாஸ் காசாஸ் 1516இல் பூர்வகுடிகளின் சுமையைக் குறைக்க ஆப்பிரிக்க அடிமைகளைக் கொண்டுவரலாம் என்று யோசனை சொன்னவர். பிற்காலத்தில் அதற்காக வருந்தி எழுதினார். அந்த வருத்தம்தான் அவரை என் கண்ணில் பெரிய மனிதராக்குகிறது. அடிமைகளே இல்லாத உலகில் அவர் ஒரு குறையற்ற விடுதலைக்காரர். அவருடைய பாவத்தை அழித்ததோடு அவருடைய மனமாற்றத்தையும் ஆட்டம் அழித்துவிட்டது.

இதற்கு ஒரு நியாயமான மறுப்பு உண்டு. அடிமைகளைச் சேர்த்திருந்தால், புகையிலைப் பொதிக்குப் பக்கத்தில் மனிதரைச் சரக்காக அடுக்கி, விலை பார்த்து இறக்கும் விளையாட்டாக அது ஆகியிருக்காதா? ஆகியிருக்கும் என்பதற்குச் சான்றே உண்டு. டென்மார்க்கில் உருவான ‘பிளேயிங் ஹிஸ்டரி’ கல்வி ஆட்ட வரிசையில் அடிமை வணிகம் பற்றிய ஒன்று 2013இல் வந்தது. கப்பலில் எவ்வளவு நெருக்கமாக மனிதரை அடைத்தார்கள் என்று பிள்ளைகளுக்குக் காட்ட, டெட்ரிஸ் ஆட்டம்போல மனித உருவங்களை அடுக்கும் கட்டம் ஒன்று அதில் இருந்தது. 2015இல் பெரும் கண்டனம் எழுந்து அந்தக் கட்டத்தை நீக்கினார்கள். நோக்கம் நல்லது. ஆனால் விரலுக்குக் கொடுத்த வேலை அடிமை வணிகனுடைய வேலை.

ஆகவே சேர்ப்பதா விடுவதா என்ற கேள்வியோடு நிற்பதில் பயனில்லை என்று எனக்குப் படுகிறது. சேர்த்தால் அவர் யாராகச் சேர்க்கப்படுகிறார்? பிரேசிலின் கரும்புத் தோட்டங்களிலிருந்து தப்பியவர்கள் உள்நாட்டுக் காட்டில் பல்மாரெஸ் என்ற தங்கள் அரசை அமைத்து, 17ஆம் நூற்றாண்டு முழுக்கப் போர்ச்சுகீசியரையும் டச்சுக்காரரையும் எதிர்த்து நின்றார்கள். 1694இல்தான் அது வீழ்ந்தது. 1791இல் செயின்ட் டொமிங்கின் அடிமைகள் கிளர்ந்தெழுந்து 1804இல் ஹெய்ட்டி என்ற சுதந்திர நாட்டை அறிவித்தார்கள். சுதந்திரம் அறிவிப்பதையே வெற்றியாக வைத்திருக்கும் ஆட்டத்தில், அமெரிக்கக் கண்டங்களில் இரண்டாவதாக விடுதலை பெற்ற நாடு நிகழவே முடியாது.

அரசனோடு சண்டை

ஆட்டத்தில் அரசன் அவ்வப்போது வரியை உயர்த்துவான். அவன் மோதிரத்தை முத்தமிட்டு ஒப்புக்கொள்ளலாம், அல்லது ‘பாஸ்டன் தேநீர் விருந்து’ நடத்திச் சரக்கைக் கடலில் கொட்டலாம். கொட்டினால் அந்தச் சரக்கை ஐரோப்பாவில் விற்க முடியாது. வரி, கோபம், சுதந்திர மணியோசை என்று ஏறிக்கொண்டே போய் ஒரு நாள் பிரகடனம். உணர்ச்சியை நன்றாகக் கட்டியிருக்கிறார்கள்; நானும் ஒவ்வொரு முறையும் அரசன்மேல் உண்மையாகவே கோபப்பட்டேன்.

ஆனால் வரலாற்றில், பின்னாளில் அமெரிக்கா ஆன 13 பிரிட்டிஷ் காலனிகளின் கோபத்தில் வரி ஒரு பாதிதான். மறுபாதி நிலம். 1763இல் மூன்றாம் ஜார்ஜ், அப்பலாச்சிய மலைக்கு மேற்கே குடியேறக் கூடாது என்று அறிவித்தார். அது பூர்வகுடிகளுக்கு என்று ஒதுக்கினார். நிலத்தில் பணம் போட்டிருந்த பலருக்கு அது பெரிய அடி. 1776 பிரகடனத்தில் அரசன்மீது அடுக்கிய குற்றச்சாட்டுகளில் கடைசியானது, இரக்கமற்ற பூர்வகுடிகளை எங்கள்மீது ஏவிவிட்டான் என்பது. அதை எழுதிய ஜெஃபர்சன் ஆட்டத்திலும் உண்டு. அவர் வந்தால் சுதந்திர மணி 50 விழுக்காடு கூடுதலாக ஒலிக்கும். அவர் தம் வாழ்நாளில் 600க்கும் மேற்பட்ட அடிமைகளைச் சொந்தமாக வைத்திருந்தார் என்ற கணக்கு எங்கும் ஒலிக்காது.

இந்த ஒரு நாட்டின் கதையை மற்ற மூன்றுக்கும் போர்த்திவிட்டார்கள். டச்சு நியூ நெதர்லாந்தை 1664இல் ஆங்கிலேயர் எடுத்துக்கொண்டார்கள். பிரெஞ்சுக் கனடாவை பிரிட்டன் கைப்பற்றியது. ஸ்பானிய அமெரிக்காவின் விடுதலைக்கு 1808இல் நெப்போலியன் ஸ்பெயினுக்குள் நுழைந்தது வாசல் திறந்தது. இதை நான் பெரிய குறையாகச் சொல்ல மாட்டேன். ஆட்டத்துக்கு ஒரு முடிவு தேவை.

வெல்ல முடியாதவர்கள்

ஆஸ்டெக் தலைநகரைப் பிடித்த ஸ்பானியத் தளபதி கோர்தெஸ் உங்கள் அவையில் சேர்ந்தால், கைப்பற்றும் பூர்வகுடி ஊர்கள் எல்லாம் தவறாமல் புதையல் தரும். ஸ்பெயினாக ஆடினால் அவர்கள் ஊர்களைத் தாக்கும்போது 50 விழுக்காடு கூடுதல் பலம். ஸ்பானியரின் கொடுமையைக் காட்ட வைத்த எண் அது என்று புரிகிறது. ஆனால் 1519இல் கரையிறங்கிய சில நூறு ஸ்பானியருக்கு ஆஸ்டெக் தலைநகரைப் பிடிக்கும் பலம் வாளிலும் குதிரையிலும் மட்டுமா இருந்தது? 1521 முற்றுகையில் அவர்கள் பக்கம் நின்றவர்கள் பல்லாயிரம் த்லாஸ்கலா வீரர்களும் பிற நகரங்களின் படைகளும். த்லாஸ்கலாவுக்குத் தன் பழைய எதிரியை வீழ்த்த வேண்டியிருந்தது. அது அவர்கள் தங்கள் அரசியலுக்காக எடுத்த முடிவு. பின்னால் வந்த விளைவு அவர்களுக்குத் தெரியாது.

ஆட்டத்தில் பணம் கொடுத்து ஒரு பூர்வகுடி நாட்டை வேறொரு ஐரோப்பியர்மீது நீங்கள் ஏவிவிடலாம். தங்கள் எதிரியை வீழ்த்த அவர்கள் உங்களைப் பயன்படுத்திக்கொள்ள மாட்டார்கள். பரிசு கொண்டுவருவார்கள், பொருள் கேட்பார்கள், கோபப்படுவார்கள், தாக்குவார்கள். வெற்றி என்று ஒன்று அவர்களுக்கு எழுதப்படவே இல்லை. சிலியின் மப்பூச்சே மக்கள் 1598இல் ஸ்பானிய ஆளுநரையே போரில் கொன்று, பியோபியோ ஆற்றுக்குத் தெற்கே இருந்த நகரங்களிலிருந்து ஸ்பானியரை விரட்டி, 1641இல் கிலின் உடன்படிக்கையில் அந்த ஆற்றை எல்லையாக ஸ்பெயினை ஏற்கவைத்தார்கள். 1880கள் வரை அந்த நிலம் அவர்களுடையது. 1680இல் பியூப்லோ ஊர்கள் ஒன்றுகூடி நியூ மெக்சிகோவிலிருந்து ஸ்பானியரைத் துரத்தின. அவர்கள் திரும்பிவர 12 ஆண்டு ஆனது. இவை ஆட்டத்தின் எந்த டர்னிலும் நடக்கக்கூடியவை அல்ல.

மதம் மாறிய பூர்வகுடியின் யூனிட்டைப் பாருங்கள். வயலிலும் வெளிவேலையிலும் அவருக்குக் கூடுதல் விளைச்சல், பட்டறைக்குள் வைத்தால் குறைவு. யாரோ ஒரு நாள் ஒரு அட்டவணையில் இட்ட எண்தான். அந்த எண்ணுக்குள் செபுல்வேதா உட்கார்ந்திருக்கிறார்.

2008: இரண்டாம் வாய்ப்பு

ஃபிராக்ஸிஸ் நிறுவனம் 2008இல் சிவிலைசேஷன் 4இன் எஞ்சினில் இதைப் புதிதாகச் செய்தது. இடையில் 14 ஆண்டுகள். அறிவிப்பு வந்ததுமே குடியேற்றத்தைக் கொண்டாட்டமாக ஆடுவது சரியா என்று அமெரிக்கப் பத்திரிகைகளில் வாக்குவாதம் எழுந்தது. வந்த ஆட்டத்தில் படம் அழகானது. அதே நான்கு நாடுகள், ஆட முடியாத பூர்வகுடிகள், அடிமைகளில்லாத கரும்பு. வேலையை எடுத்துச் செய்தவர்கள் ரசிகர்கள். ‘வி த பீப்பிள்’ என்ற மாட் (ரசிகர்கள் ஆட்டத்தை மாற்றி எழுதிய பதிப்பு) பல ஆண்டுகளாக வளர்ந்து, அடிமைகளையும் தோட்டத்திலிருந்து தப்பியோடியவர்களையும் உள்ளே கொண்டுவந்தது. நிறுவனம் தொடத் தயங்கியதைச் சம்பளமில்லாதவர்கள் தொட்டார்கள். அதற்காக அவர்களை நான் மதிக்கிறேன்.

நம் கரையிலிருந்து பார்த்தால்

ஒப்பிட்டுப் பார்க்க 2013இல் பாரடாக்ஸ் வெளியிட்ட ‘யூரோப்பா யுனிவர்சாலிஸ் 4’ஐ எடுத்துக்கொண்டேன். 1444இல் தொடங்கும் ஆட்டம். இங்கே பூர்வகுடி நாடுகளை ஆடலாம். யாழ்ப்பாண அரசையும்கூட ஆடலாம். அந்த வகையில் பெரிய முன்னேற்றம். ஆனால் ‘காலி’ மாகாணம் என்ற எண்ணம் இன்னும் கூர்மையாகிவிட்டது. மாகாணத்தில் பூர்வகுடிகள் இத்தனை பேர், இவ்வளவு மூர்க்கம் என்று எண் தெரியும். அத்தனை பேர் இருந்தும் அது காலி. குடியேறிகள் 1000 பேர் சேர்ந்ததும் அது நகரம். படையை நிறுத்திப் பூர்வகுடிகளைத் தாக்கும் பொத்தானை அழுத்தி அந்த எண்ணைப் பூஜ்யமாக்கலாம். உயிரோடு விட்டால், மாகாணத்தின் உற்பத்தி கொஞ்சம் கூடும். உயிரோடு விடுவதற்கு ஆட்டம் சொல்லும் காரணம் அதுதான்.

வணிக விதி இன்னும் நேராக நம்மைத் தொடுகிறது. உலக வணிகம் முனைகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றிலிருந்தும் மதிப்பு ஓடும் திசை முன்கூட்டியே பூட்டப்பட்டிருக்கிறது. எல்லா ஓட்டமும் கடைசியில் ஜெனோவா, வெனிஸ், ஆங்கிலக் கால்வாய் என்ற மூன்று குளங்களில் விழும். சோழமண்டலக் கரையில் அமர்ந்து, எவ்வளவு வலிமையாக வளர்ந்தாலும், ஐரோப்பாவின் செல்வத்தை இந்தப் பக்கம் திருப்ப முடியாது.

வரலாற்றில் அந்தக் காலத்தின் பெரும்பகுதி வெள்ளி இந்தப் பக்கம்தான் ஓடியது. பொட்டோசி மலையில் 1545இல் கண்டெடுத்த வெள்ளியை, 1570களிலிருந்து மீத்தா என்ற கட்டாய உழைப்பில் ஆந்திஸ் மலைமக்கள் தோண்டினார்கள். அதில் பெரும்பங்கு ஐரோப்பாவழியாகவும் மணிலாவழியாகவும் ஆசியாவுக்கு வந்தது. நம் நெசவாளருக்கும் சாயக்காரருக்கும் கொடுக்க ஐரோப்பியரிடம் வெள்ளியையும் தங்கத்தையும் தவிர விலைபோகும் சரக்கு அதிகம் இல்லை. டச்சுக்காரர் 1610இல் பழவேற்காட்டில் இறங்கியது துணிக்காக. அந்தத் துணி மலுக்குத் தீவுகளில் மசாலா வாங்கியது. இந்தியத் துணி மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் மனிதரையும் வாங்கியது. ‘கினித் துணி’ என்றே அதற்குப் பெயர். நம் தறியில் ஓடிய நூல் அந்தச் சங்கிலியிலும் ஒரு கண்ணி என்பதை எழுதும்போது கை தயங்குகிறது. ஆனால் எழுதாமல் விட முடியாது.

இன்னொன்று. அந்த ஆட்டத்தில் ‘அடிமைகள்’ ஒரு வணிகச் சரக்கு. மிகுதியும் ஆப்பிரிக்க மாகாணங்களில் விளைவதாகக் காட்டப்படும், கோதுமையும் உப்பும் விளைவதுபோல. தஞ்சைச் சீமையில் 1659-61 பஞ்சத்தின்போது தங்களையும் பிள்ளைகளையும் விற்றுக்கொண்டவர்களை டச்சுக் கப்பல்கள் நாகப்பட்டினத்தின் பக்கமிருந்து இலங்கைக்கும் பத்தாவியாவுக்கும் (இன்றைய ஜகார்த்தா) ஆயிரக்கணக்கில் ஏற்றிச் சென்றன. அடிமைகள் எந்த மண்ணிலும் விளைவதில்லை. பஞ்சமும் போரும் கடனும் அவர்களை உண்டாக்குகின்றன. அந்தக் காரணத்தை மறைத்து, விளைபொருள் என்று ஓர் ஐகானை ஒரு கரையில் ஒட்டிவிடுவது அந்தக் கரைக்காரர்கள்மேல் சுமத்தும் பொய்.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2’க்கு 2022இல் வந்த இந்திய விரிவாக்கத்தில் திராவிடர் என்ற அணியும் ராஜேந்திர சோழனின் படையெடுப்புத் தொடரும் வந்தன. நம் பிள்ளைகள் எவ்வளவு மகிழ்ந்தார்கள் என்று பார்த்தேன், நானும் மகிழ்ந்தேன். அநுராதபுரத்தில் சோழப்படை செய்ததும், 1025இல் கடாரத்துக்குக் கப்பல் போனதும் அங்கிருந்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று அப்போது என் மனம் கேட்கவில்லை. படையெடுப்பவன் கையில் மவுஸ் இருக்கும்போது யாருக்கும் அது எளிதில் கேட்காது. அமெரிக்காவின் மேரிலாந்தில் உட்கார்ந்து ‘காலனைசேஷன்’ ஆட்டத்தின் குறியீட்டை எழுதியவர்களைப் பற்றி மேலே எழுதிய ஒவ்வொரு வரியையும் இந்த நினைவோடுதான் எழுதினேன்.

விதியைத் திருத்திய ஆட்டம்

2018 ஜனவரியில், ‘சிவிலைசேஷன் 6’இல் பவுண்ட்மேக்கர் என்ற, கனடாவின் க்ரீ பூர்வகுடித் தலைவரை ஆடும் தலைவராகச் சேர்ப்பதாக அறிவிப்பு வந்தது. 1885இல் கனடா அரசு அவரை அரசத்துரோகக் குற்றத்தில் சிறையில் அடைத்தது. 2019இல் அதே அரசு அந்தக் குற்றத்திலிருந்து அவரை முறைப்படி விடுவித்தது. பவுண்ட்மேக்கர் க்ரீ மக்களின் தரப்பிலிருந்து எதிர்ப்பு வந்தது. அவர் அமைதிக்காக நின்றவர் என்பதில் அவர்களுக்குப் பெருமை. ஆனால் பிறர் நிலத்தைப் பிடித்து விரிவதையே வளர்ச்சி என்று வைத்திருக்கும் ஆட்டத்துக்குள் அவரை நிறுத்தினால், எங்களுக்கும் குடியேற்றக்காரர்களின் அதே ஆசைதான் இருந்தது என்று ஆகிவிடாதா என்று கேட்டார்கள். இந்தத் துறையில் நான் படித்த மிகக் கூர்மையான கேள்வி இதுவே. எதிராளியின் விதிக்குள் ஒருவருக்கு நாற்காலி போட்டுக் கொடுப்பதால் மட்டும் அவருக்கு நியாயம் கிடைத்துவிடாது.

‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 3’இன் 2020 மறுபதிப்பு அந்தக் கேள்வியைக் கொஞ்சமாவது செவிமடுத்தது. பூர்வகுடிச் சமூகங்களிலிருந்து ஆலோசகர்களை அழைத்தார்கள். இராக்குவா என்று பிறர் வைத்த பெயர் ஹொடினோஷோனி ஆனது, சூ என்பது லகோட்டா ஆனது. ‘காலனிக் காலம்’ என்ற கட்டத்தின் பெயரை ‘வணிகக் காலம்’ என்று மாற்றியதை நான் பெரிதாக எண்ணவில்லை. அது வெள்ளையடிப்பாகவும் ஆகலாம். நான் மதிப்பது வேறு மாற்றத்தை. முன்பு எல்லா அணியையும்போல இந்த மக்களும் சுரங்கம் தோண்டித் தங்கம் எடுப்பார்கள். நிலத்தைக் குடைவது எங்கள் வழக்கமில்லை என்று ஆலோசகர்கள் சொன்னதும், அவர்கள் சந்தை வைத்துத் தங்கம் சேர்க்கும்படி விதியையே மாற்றினார்கள். வேறு மக்களுக்கு வேறு பொருளாதாரம். ஆட்டம் அதனால் கெட்டுப்போகவில்லை.

என்ன செய்திருக்கலாம்

1994 ஆட்டத்தைத் திருத்தும் வாய்ப்பு என் கையில் கிடைத்தால் முதலில் நோயைச் சேர்ப்பேன். அதை ஆட்டக்காரர் ஏவும் ஆயுதமாக வைக்க மாட்டேன். நீங்கள் வித்தை கற்க அனுப்பும் ஆளோடு அது போகும். அடுத்த முறை போகும்போது கற்றுக்கொடுத்தவர் இருக்க மாட்டார். பிறகு எட்டு நாடுகளுக்கும் தனித்தனி நோக்கம் எழுதுவேன்: ஒன்றுக்குப் பழைய எதிரியை வீழ்த்துவது, ஒன்றுக்கு ஓர் ஆற்றை எல்லையாக ஏற்கவைப்பது, ஒன்றுக்குத் துப்பாக்கி வணிகத்தைத் தன் கையில் வைத்திருப்பது. அது நிறைவேறினால் அவர்கள் வென்றார்கள் என்று திரையில் வரும், நீங்கள் வென்றாலும் தோற்றாலும். கரும்புத் தோட்டம் வைப்பவர் அடிமைகளை வாங்கினால், அவர்கள் பெயரோடு வருவார்கள், தப்புவார்கள், காட்டில் ஊர் அமைப்பார்கள். அந்த ஊர் உங்கள் ஊரைவிட நீடிக்கவும் கூடும். ஆட்டம் கடினமாகும். மறுபடி மறுபடி ஆடத் தூண்டும் அந்த இன்பம் குறையவும் செய்யலாம். அதை வடிவமைப்பாளர் ஏற்கத்தான் வேண்டும்.

கடைசியாக ஆடியது ஸ்பெயினாக. கோர்தெஸ், பிறகு செபுல்வேதா, பிறகு மினுவிட், பிறகு லாஸ் காசாஸ். சுதந்திரம் கிடைத்தது. முடிவுப் பட்டியலில், எரித்த பூர்வகுடி ஊர்களுக்காக மதிப்பெண்ணில் கொஞ்சம் கழித்திருந்தார்கள். அந்தக் கழித்தல் 1994இலேயே இருந்தது. யாரோ ஒருவருக்கு மனம் உறுத்தியிருக்கிறது.

சேமித்திருந்த பழைய டர்ன் ஒன்றைத் திறந்து, நான் எரித்த அராவாக் ஊர் ஒன்று எங்கே இருந்தது என்று தேடினேன். எரிந்த ஊருக்கு இந்த ஆட்டத்தில் இடிபாடு கிடையாது, பெயரும் மிஞ்சாது. குறிப்பு நோட்டைப் பார்த்துத்தான் இடத்தைக் கண்டுபிடித்தேன். நல்ல ஆற்றோரம், பக்கத்தில் கரும்பு விளையும் கட்டம். புல்வெளி என்று எழுதியிருந்தது. அங்கே ஊர் அமைக்கலாமா என்று ஆட்டம் கேட்டது.